ஐ5-1235யு, ரைசன் 5 5500யு: இரண்டு மடிக்கணினிச் செயலிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

"இது பத்துக் கோர் சார். அது வெறும் ஆறுதான்" என்று சொல்லிவிட்டு, பேச்சு முடிந்தது என்பதுபோல் பில் புத்தகத்தை எடுத்தார் கடைக்காரர்.

2023ஆம் ஆண்டின் தொடக்கம் அது. அண்ணன் மகள் பட்டயக் கணக்காளர் படிப்பில் சேர்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு மடிக்கணினி வாங்கப் போயிருந்தோம். மேசைமேல் இரண்டு இருந்தன. ஒன்றின் செயலி, அதாவது பிராசசர், இன்டெல் கோர் ஐ5-1235யு; இன்னொன்றில் ஏஎம்டி ரைசன் 5 5500யு. விலையில் பெரிய வித்தியாசமில்லை. "பத்துதானே பெரியது, சித்தப்பா?" என்று கேட்டாள்.

கோர் என்பது செயலிக்குள் இருந்து வேலை பார்க்கும் ஓர் அலகு. பத்து பெரியதுதான். ஆனால் அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேர் பயில்வான்கள், எட்டுப் பேர் பையன்கள் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. பில் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தோம். அன்றிரவு அவளுக்காகத் தாளில் எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அந்த இரண்டு செயலிகளும் இன்று பழைய மடிக்கணினிகள் விற்கும் கடைகளுக்கு வந்துவிட்டன. ஆனால் ஒப்பிடும் முறை எந்த இரண்டு செயலிகளுக்கும் பொருந்தும்.

முதலில் உங்கள் வேலையை எழுதுங்கள்

செயலியைப் பற்றி ஒரு வரிகூடப் படிப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, நேற்று கணினியில் என்னவெல்லாம் செய்தீர்கள் என்று எழுதுங்கள். நாளை செய்யப் போவதாகக் கனவு காண்பதை எழுத வேண்டாம். "வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்" என்று சொல்லி அதற்காகவே பெரிய மடிக்கணினி வாங்கி, அதில் வானொலி மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

எழுதிய வேலைகளை மூன்று கூறாகப் பிரிக்கலாம். தட்டினால் உடனே நடக்க வேண்டியவை முதல் வகை: உலாவியில் பக்கம் திறப்பது, எக்செல் தாளில் சூத்திரம் ஓடுவது, கோப்பைத் திறப்பது. இவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கோரின் வேகம்தான் முக்கியம். ஏவிவிட்டுக் காத்திருப்பவை இரண்டாவது வகை: வீடியோவை ஏற்றுமதி செய்வது, பெரிய கோப்புகளைச் சுருக்குவது, நிரலைத் தொகுப்பது. இங்கே எல்லாக் கோர்களும் சேர்ந்து இழுக்கும். மூன்றாவது வகை செயலியின் கோர்களையே அதிகம் தொடாதது: விளையாட்டு, வீடியோ பார்ப்பது. அவை செயலிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியின் வேலை.

அவள் பட்டியலில் எக்செல், டேலி, இணைய வகுப்பு, முப்பது தாவல்கள் திறந்த உலாவி ஆகியவை இருந்தன. ஏறத்தாழ எல்லாமே முதல் வகை. பத்தா ஆறா என்ற கேள்வி அந்த இடத்திலேயே பாதி செத்துவிட்டது.

பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

"ஐ5 இருக்கிறது, ரைசன் 5 இருக்கிறது" என்று பேசுவது "சேலை இருக்கிறது" என்று சொல்வதைப் போன்றது. பட்டா, பருத்தியா, எத்தனை கஜம் என்று தெரிய வேண்டாமா? பன்னிரண்டாம் தலைமுறை ஐ5 என்ற ஒரே பெயரில் ஐ5-1235யு, ஐ5-1240பி, ஐ5-12450ஹெச் ஆகிய மூன்றும் விற்றன. முதலாவதில் இரண்டு பெரிய கோர்கள், எட்டுச் சிறிய கோர்கள், அடிப்படை மின்திறன் 15 வாட். இரண்டாவதில் நான்கு பெரியவை, எட்டுச் சிறியவை, 28 வாட். மூன்றாவதில் நான்கும் நான்கும், 45 வாட். இவை மூன்றும் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட உறவு என்றுதான் சொல்ல வேண்டும். கடைசி எழுத்தைப் பார்க்காமல் விலையைக் கேட்காதீர்கள்.

ஏஎம்டி பக்கம் இன்னும் வேடிக்கை. 2021 ஜனவரியில் வந்த 5000 வரிசையில் 5500யு, 5700யு ஆகியவை பழைய ஜென் 2 வடிவமைப்பு. 5600யு, 5800யு ஆகியவை புதிய ஜென் 3. ஆக, எண்ணில் பெரிய 5700யுவைவிட எண்ணில் சிறிய 5600யு ஒற்றைக் கோர் வேகத்தில் முந்துகிறது. 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் வடிவமைப்பின் எண். 7520யு என்றால் ஜென் 2, நான்கு கோர். 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர். பத்து எண் வித்தியாசத்தில் இரண்டு கோரும் ஒரு தலைமுறையும் ஒளிந்திருக்கின்றன. "7 என்று தொடங்குகிறதே, 5ஐவிடப் புதியதாயிற்றே" என்று 5600யு-வை விட்டுவிட்டு 7520யு வாங்கியவர்கள் பின்னோக்கிப் போனார்கள்.

இன்டெல் 2023இல் அந்த "ஐ" எழுத்தையே எடுத்துவிட்டது. இப்போது கோர் 5 தனி, கோர் அல்ட்ரா 5 தனி. இரண்டும் ஒன்றல்ல. முழுப் பெயரையும் விடாமல் எழுதிக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடை அட்டையில் பாதிப் பெயர்தான் இருக்கும்.

விவரப் பட்டியலில் எது பேசும், எது பேசாது

நம் இரண்டு செயலிகளின் ஜாதகம் இது. ஐ5-1235யு: 2022இல் வந்தது. 2 பெரிய கோர், 8 சிறிய கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் (கோர்களுக்குப் பக்கத்திலேயே உள்ள சிறு நினைவகம்) 12 மெகாபைட், அடிப்படை மின்திறன் 15 வாட், உச்சம் 55 வாட். ரைசன் 5 5500யு: 2021இல் வந்தது. 6 கோர், 12 திரெட், உச்ச வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் 8 மெகாபைட், மின்திறன் 15 வாட். மடிக்கணினி தயாரிப்பாளர் அதை 10 முதல் 25 வரை மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றில் பத்துக் கோர், மற்றதில் ஆறு. ஆனால் திரெட் இரண்டிலும் பன்னிரண்டுதான். கணக்கு எப்படி ஒத்துப்போகிறது? இன்டெலின் பெரிய கோர் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைப் பார்க்கும். சிறிய கோர் ஒன்றைத்தான் பார்க்கும். இரண்டை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டினால் பன்னிரண்டு. ரைசனில் ஆறும் ஒரே அளவு, ஆறும் இரட்டை வேலை பார்ப்பவை. ஆறிரண்டு பன்னிரண்டு. கடைக்காரரின் "பத்துக் கோர்" இவ்வளவுதான். அதற்காகச் சிறிய கோர்களை இளப்பமாக நினைக்க வேண்டாம். எட்டும் சேர்ந்து ஒரு வீடியோவை இழுக்கும்போது அவற்றின் பங்கு பெரியது. தனித்தனியாக அவற்றின் உச்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ்தான்.

கிகாஹெர்ட்ஸ் எண்ணை ஒரே குடும்பத்துக்குள் ஒப்பிடலாம். குடும்பம் விட்டுக் குடும்பம் ஒப்பிட்டால் ஏமாற்றும். அது கால் எத்தனை முறை எடுத்து வைக்கிறது என்ற கணக்கு. ஒவ்வோர் அடியும் எவ்வளவு நீளம் என்பதை அது சொல்வதில்லை. 4.4 என்பது 4.0ஐவிடப் பத்து சதவீதம்தான் அதிகம். ஆனால் சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனை மென்பொருளில் ஒற்றைக் கோர் மதிப்பெண் 5500யுவுக்கு ஏறத்தாழ 1150 என்றால், 1235யுவுக்கு ஏறத்தாழ 1600 வருகிறது. வித்தியாசம் நாற்பது சதவீதத்தை நெருங்குகிறது. அதில் பத்து சதவீதத்துக்குத்தான் அடியின் வேகம் காரணம். மீதி முழுவதும் அடியின் நீளம், அதாவது வடிவமைப்பின் வயது. ஜென் 2 வடிவமைப்பு 2019இல் வந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

கேஷ் அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 5500யுவின் 8 மெகாபைட் ஒரே பானையில் இல்லை. நான்கு நான்காக இரண்டு பானைகள், பானைக்கு மூன்று கோர்கள். ஒரு பக்கத்துக் கோருக்கு எட்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. தயாரிப்பு நுட்பத்தைச் சொல்லும் நானோமீட்டர் எண்ணை நான் பார்ப்பதே இல்லை. அது ஆலைக்காரர்களின் விளம்பரப் பெயராக மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

வாட் கணக்கு: ஒப்பீடு இங்கேதான் கவிழ்கிறது

ஒரே செயலி, இரண்டு மடிக்கணினிகள், இரண்டு விதமான வேகம். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் "எந்தச் செயலி வேகமானது" என்ற கேள்வியையே அப்புறம் கேட்க மாட்டீர்கள். "எந்த மடிக்கணினிக்குள் இருக்கும் செயலி" என்றுதான் கேட்பீர்கள்.

காரணம் எளியது. செயலி எவ்வளவு மின்சாரம் குடிக்கலாம் என்று மடிக்கணினி தயாரிப்பாளர் இரண்டு வரம்புகளை வைக்கிறார். ஒன்று சில விநாடிகளுக்கான உச்ச வரம்பு; மற்றொன்று நெடுநேரத்துக்கான வரம்பு. 1235யுவின் 55 வாட் என்பது முதல் வகை. அது ஓர் அனுமதிதான், வாக்குறுதி அல்ல. ஒரு மெல்லிய மடிக்கணினியில், வெப்பம் கடத்தும் ஒற்றைச் செப்புக் குழாயும் சின்ன விசிறியும் இருக்கும் இடத்தில், செயலி சில விநாடிகள் பாய்ந்துவிட்டு 15 வாட்டில் வந்து உட்கார்ந்துவிடும். சற்றுத் தடித்த உடலும் இரண்டு குழாய்களும் உள்ள இன்னொன்றில் அதே செயலி 25 வாட்டுக்கு மேல் நெடுநேரம் ஓடும். பெட்டிமேல் இரண்டிலும் ஒரே ஒட்டுச்சீட்டு.

ஆகவே அதே சினிபெஞ்ச் ஆர்23இல் எல்லாக் கோர்களும் சேர்ந்து ஓடும் சோதனையில் 5500யு ஏறத்தாழ 6000 முதல் 7500 வரையும், 1235யு ஏறத்தாழ 5500 முதல் 8500 வரையும் பரவிக் கிடக்கின்றன. இரண்டு பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் கவனியுங்கள். நல்ல காற்றோட்டமுள்ள ரைசன் மடிக்கணினி, மூச்சுத் திணறும் இன்டெல் மடிக்கணினியைக் கூட்டு வேலையில் முந்திவிடும். மாறியும் நடக்கும். ஆனால் ஒற்றைக் கோர் வேகத்துக்கு அவ்வளவு வாட் தேவையில்லாததால், அங்கே இன்டெலின் முன்னிலை எந்தப் பெட்டிக்குள்ளும் பெரிதாகக் குறைவதில்லை.

வாட் எங்கே போகிறது என்று பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். உணரிகள் பட்டியலில் செயலியின் மொத்த மின்திறன், வெப்பநிலை, ஒவ்வொரு கோரின் வேகம் ஆகிய மூன்றையும் மட்டும் பாருங்கள். மற்றவை கண்ணைக் கட்டும். கூட்டு வேலை தொடங்கியவுடன் மின்திறன் எங்கே ஏறுகிறது, அரை நிமிடம் கழித்து எங்கே இறங்குகிறது, பத்து நிமிடம் கழித்து எங்கே நிற்கிறது என்று மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது எண்தான் அந்த மடிக்கணினியின் உண்மையான குணம். வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டி நின்று வேகம் குறைந்தால் தடை குளிர்விப்பில் இருக்கிறது. வெப்பநிலை 70 டிகிரியிலேயே இருந்தும் மின்திறன் 15 வாட்டில் நின்றால், தயாரிப்பாளரே கடிவாளம் போட்டிருக்கிறார். இரண்டாவது வகை என்றால் தயாரிப்பாளரின் செயலியில், மன்னிக்கவும், தயாரிப்பாளர் தரும் மென்பொருளில் "செயல்திறன்" முறையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சற்றுத் தளரும்.

மற்றவர்கள் எடுத்த மதிப்பெண்களைப் படிக்கும் விதம்

இரண்டு செயலிகளின் பெயரைத் தட்டினால் "இது 23 சதவீதம் வேகம்" என்று பச்சைக் கோடு போட்டுக் காட்டும் தளங்கள் நிறைய உண்டு. அந்த எண் எந்த மடிக்கணினியில், எத்தனை வாட்டில், எத்தனை ரேமோடு வந்தது என்று சொல்லாவிட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே மாதிரி மடிக்கணினியைக் கையில் வைத்துச் சோதித்தவரின் எண் ஒன்று, பெயர் தெரியாத நூறு எண்களின் சராசரியைவிட மேல்.

சோதனைகளின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். சினிபெஞ்ச் ஆர்23 இயல்பாகப் பத்து நிமிடம் ஓடும். சூடேறிய பிறகு என்ன ஆகிறது என்று காட்டும். கீக்பெஞ்ச் சிறு சிறு வேலைகளை இடைவெளி விட்டுக் கொடுப்பது. மெல்லிய மடிக்கணினிகூட அதில் அழகாகத் தெரியும். அது பொய் அல்ல, நம்முடைய அன்றாட வேலையும் அப்படித்தான் விட்டு விட்டு வருகிறது. ஆனால் ஒரு மணி நேர வீடியோ ஏற்றுமதியை அதைக் கொண்டு கணிக்க முடியாது. இன்னொன்று: பதிப்பு மாறினால் அளவுகோலே மாறிவிடும். சினிபெஞ்ச் 2024 மதிப்பெண்ணை ஆர்23 மதிப்பெண்ணோடும், கீக்பெஞ்ச் 6ஐக் கீக்பெஞ்ச் 5 உடனும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது படியையும் லிட்டரையும் கூட்டுவது போன்றது.

இரண்டையும் கையில் வைத்துச் சோதிக்க முடிந்தால்

நண்பருடையது, அலுவலகத்துடையது என்று எப்படியாவது இரண்டும் ஒரே மேசைக்கு வந்துவிட்டால் அதிருஷ்டம். ஆனால் உடனே ஓட்டிவிடாதீர்கள். முதலில் பந்தயக் கோட்டைச் சமமாக்குங்கள்.

இரண்டிலும் விண்டோஸ் 11 இருக்கட்டும். பெரிய கோருக்கு எந்த வேலை, சிறிய கோருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பதை அது விண்டோஸ் 10ஐவிட நன்றாகச் செய்கிறது. புது மடிக்கணினி என்றால் முதல் சில மணி நேரம் பின்னணியில் புதுப்பிப்புகள் இறங்கும், கோப்புகளின் அட்டவணை தயாராகும், வைரஸ் சோதனை ஓடும். அதை அப்படியே செருகி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் செயலியின் பயன்பாடு சில சதவீதத்துக்கு இறங்கிய பிறகு தொடங்கலாம்.

சார்ஜர் பெட்டியோடு வந்ததாக இருக்க வேண்டும். கைக்குக் கிடைத்த தொலைபேசிச் சார்ஜரைச் செருகினால் மின்சாரம் போதாமல் செயலி தன்னைத் தானே சுருக்கிக்கொள்ளும். மின்திட்டம், தயாரிப்பாளரின் விசிறி முறை இரண்டும் ஒரே நிலையில் இருக்கட்டும். மெத்தைமேல் வைக்கவே கூடாது. அடியில் காற்றுத் துளை அடைபடும். அறையும் ஒன்றாக, நேரமும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். ஒன்றைக் குளிரூட்டிய அலுவலகத்திலும் மற்றதைச் சித்திரை மாத மொட்டை மாடி அறையிலும் சோதித்துவிட்டுச் செயலியைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஓட்டுங்கள். சினிபெஞ்சில் முதலில் ஒற்றைக் கோர், பிறகு பத்து நிமிடம் ஆற விட்டு எல்லாக் கோர்களும். ஒவ்வொன்றையும் மூன்று முறை எடுத்து, நடுவில் வரும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். உச்ச எண்ணைப் பிடித்துக்கொண்டு மகிழ்வது தம்பட்டத்துக்கு உதவும், தேர்வுக்கு உதவாது. அப்புறம் சோதனையின் குறைந்தபட்ச நேரத்தை அரை மணியாக மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள். முதல் சுற்று எண்ணும் அரை மணிக்குப் பின் வந்த எண்ணும் ஐந்து சதவீதத்துக்குள் நின்றால் அந்த மடிக்கணினியின் குளிர்விப்புக்கு ஒரு கும்பிடு போடலாம். இருபது சதவீதம் விழுந்தால், விளம்பரத்தில் சொன்ன வேகம் முதல் சில நிமிடங்களுக்கு மட்டும் என்று அர்த்தம்.

கடையில் எதையும் நிறுவ விட மாட்டார்கள். இணையம் இருந்தால், உலாவியிலேயே ஓடும் ஸ்பீடோமீட்டர் சோதனையை இரண்டிலும் ஒரே உலாவியில் ஓட்டிப் பாருங்கள். சில நிமிட வேலை. ஒற்றைக் கோர் வேகத்தைப் பற்றி அது நம்பத்தக்க குறிப்பைத் தரும்.

உங்கள் வேலையே சிறந்த சோதனை

மேலே சொன்னதெல்லாம் ஒத்திகை. உண்மையான சோதனைக்கு உங்கள் கோப்புகளையே பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். அண்ணன் மகளிடம் பல ஆயிரம் வரிகள் கொண்ட ஓர் எக்செல் கோப்பு இருந்தது. ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குப் பெயர் தேடி எடுக்கும் சூத்திரம் வரிக்கு வரி. ஒரு கட்டத்தை மாற்றி, கீழே கணக்கிடும் சதவீதம் ஓடி முடியும் வரை தொலைபேசியின் நிறுத்துகடிகாரத்தால் அளந்தோம். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம், விரல் மட்டும் நிதானமாக இருந்தால் போதும். ஒரு பயிற்சி ஓட்டம் விட்டுவிட்டு அடுத்த மூன்றை எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல்முறை கோப்பு வட்டிலிருந்து வரும். வட்டின் வேகம் கணக்கில் கலந்துவிடும்.

வீடியோ ஆட்களுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. 1235யுவின் கிராபிக்ஸ் பகுதியில் ஏவி1 வகை வீடியோவைப் பிரித்துக் காட்டும் தனிச் சுற்று இருக்கிறது. 5500யுவின் பழைய வேகா கிராபிக்ஸில் அது இல்லை. யூடியூப் அந்த வகையில் வீடியோ அனுப்பும்போது, ஒன்றில் கோர்கள் சும்மா இருக்கும், மற்றதில் கோர்களே வேர்த்து விறுவிறுத்து அந்த வேலையைப் பார்க்கும். படம் ஓடுவது இரண்டிலும் ஓடும்; விசிறிச் சத்தமும் பேட்டரியும்தான் கதை சொல்லும். புதிய கேமராக்கள் சில பதிவு செய்யும் 4:2:2 10 பிட் ஹெச்இவிசி வீடியோவிலும் இன்டெல் பக்கத்துக்கு இதே அனுகூலம் உண்டு. அப்படிப்பட்ட கேமரா வைத்திருந்தால் மற்ற எண்களைப் பார்க்கவே வேண்டாம். சினிபெஞ்சுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஒற்றை ரேம் என்னும் கள்ளன்

8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருந்தால் செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையில் ஒற்றை வழிப் பாதை. இரண்டு குச்சிகள் இருந்தால் இரட்டை வழி. கோர்களுக்கு இது ஓரளவுதான் தெரியும். தனி நினைவகம் இல்லாத உள் கிராபிக்ஸுக்கோ மூச்சே இதுதான். இதை வெறும் கண்ணால் பார்க்கலாம்: 1235யு மடிக்கணினியில் ஒற்றைக் குச்சி இருந்தால், டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸின் பெயர் வெறும் "யுஹெச்டி" என்று வரும். இரண்டு குச்சி போட்டவுடன் அதே சிலிக்கான் "ஐரிஸ் எக்ஸ்இ" என்று பெயர் மாற்றிக்கொள்ளும். 5500யுவில் பெயர் மாறாது, ஆனால் வேகம் அதேபோல் விழும்.

ஆகவே ஒன்றில் ஒற்றைக் குச்சியும் மற்றதில் இரட்டைக் குச்சியும் வைத்துக்கொண்டு கிராபிக்ஸை ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது ரேமை. டாஸ்க் மேனேஜரில் நினைவகம் பகுதியைத் திறந்தால் எத்தனை துளைகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று காட்டும். வாங்கும் முன் கேட்க வேண்டியது: இரண்டாவது துளை இருக்கிறதா, அல்லது ரேம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கிறதா?

பேட்டரி: மணியை அல்ல, வாட்டைக் கேளுங்கள்

ஒன்று ஆறு மணி நேரம் ஓடியது, மற்றது ஏழு மணி நேரம் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சிக்கனமானதா? முதலாவதன் பேட்டரி 42 வாட்-மணி, இரண்டாவதன் பேட்டரி 57 வாட்-மணி என்றால், முதலாவது சராசரியாக 7 வாட் குடித்திருக்கிறது, இரண்டாவது 8.1 வாட். சிக்கனம் முதலாவதுதான், இரண்டாவதன் தொட்டி பெரியது. திரையின் வெளிச்சத்தை இரண்டிலும் ஒரே அளவாக வைக்காவிட்டால் இந்தக் கணக்கும் வீண், ஏனென்றால் சும்மா இருக்கும்போது செயலியைவிடத் திரையே அதிகம் குடிக்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒற்றைக் கோர் சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள். பல மடிக்கணினிகள் அந்த நிமிடமே வேகத்தைச் சுருக்கிக்கொள்கின்றன. கல்லூரி வகுப்பில் செருகும் இடம் கிடைக்காதவர்களுக்கு அந்த எண்தான் நிஜமான எண்.

எண்களைக் கூட்டும்போது

சதவீதத்தில் ஒரு வழுக்கல் உண்டு. பத்து நிமிட வேலை ஏழு நிமிடமாகக் குறைந்தால் நேரம் 30 சதவீதம் மிச்சம். வேகமோ 43 சதவீதம் அதிகம். இரண்டும் ஒரே உண்மை. விற்பவர் பெரிய எண்ணைச் சொல்வார். மதிப்பெண்ணோடு மதிப்பெண்ணையும், நேரத்தோடு நேரத்தையும் மட்டும் ஒப்பிடுங்கள். ஐந்து சதவீதத்துக்குக் கீழான வித்தியாசத்தைச் சமம் என்றே எழுதிவிடலாம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே அவ்வளவு மாறும்.

பிறகு ஒரு நாளில் எத்தனை முறை என்று பெருக்குங்கள். நாளுக்கு ஒருமுறை ஏற்றுமதியில் மூன்று நிமிடம் மிச்சமாகும் செயலியும், நாளுக்கு நானூறு முறை தட்டும் வேலையில் முறைக்கு அரை விநாடி மிச்சமாகும் செயலியும் ஒன்றுதான்; பின்னது 200 விநாடி, மூன்று நிமிடத்துக்கும் சற்று மேல். ஆனால் முன்னதில் நீங்கள் காபி போடப் போயிருப்பீர்கள். பின்னதில் ஒவ்வோர் அரை விநாடியும் திரையைப் பார்த்துக்கொண்டே கழிகிறது. எனக்கு இரண்டும் சமமில்லை. அதனால்தான் அலுவலக, கணக்கு, எழுத்து வேலைக்காரர்களுக்கு ஒற்றைக் கோர் வேகத்தை முதலில் வைக்கச் சொல்கிறேன்.

நம் ஜோடியில் என் தீர்ப்பு இதுதான். விலை ஒன்றென்றால், ரேம் இரட்டையாக இருக்குமென்றால், 1235யு. எக்செல்லிலும் உலாவியிலும் அந்த நாற்பது சதவீதம் கையில் தெரியும். 5500யு மடிக்கணினி ஐந்தாறு ஆயிரம் மலிவாகவும் 16 ஜிபி ரேமோடும் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுக்கலாம். முப்பது தாவல்களுக்கு வேகமான கோரைவிட நிறைந்த ரேம் உதவும். மெல்லிய உடலுக்குள் அடைத்த 1235யு ஒன்றை வீடியோ ஏற்றுமதிக்காக வாங்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மறுநாள் மாலை இருவரும் மீண்டும் கடைக்குப் போனோம். பென் டிரைவில் அவளுடைய எக்செல் கோப்பு இருந்தது. கடைக்காரர் சற்று முகம் சுளித்தாலும் இரண்டிலும் திறக்க விட்டார். இன்டெல் மடிக்கணினி முன்னதாகவே கணக்கிட்டு முடித்தது, மூன்று முறையும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 8 ஜிபி ஒற்றைக் குச்சி, இரண்டு துளைகளில் ஒன்று காலி. "இதையே எடுத்துக்கொள்கிறோம், இன்னொரு 8 ஜிபி குச்சியும் இங்கேயே போட்டுக் கொடுங்கள்" என்றேன். உள்ளே இருந்த பையன் பத்து நிமிடத்தில் அடிமூடியைக் கழற்றி மாட்டினான். திரும்ப இயக்கியதும் அவள் முதலில் திறந்தது டாஸ்க் மேனேஜரைத்தான்.

"பெயர் மாறிவிட்டது, சித்தப்பா" என்றாள். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "எந்தப் பெயர்?" என்று கேட்டார்.